மூன்று எரிந்தால் இரண்டு

செல்லூர்
ஜூன் 23

பேரையூர் விடுதிச் சிறையில் ஆயுள் கைதியாக இருக்கும் கோகுல்நாத் அண்ணனுக்குத் தங்கை காவ்யஸ்ரீ எழுதுவது. இங்கே மூவரும் நலம். அங்கே நீயும் உன் கொசுக்களும் நலமா? நீட் படிக்கிறவன் காலை நீட்டிக்கூடப் படுக்க முடியாத கட்டில் என்று பெரியம்மா சொன்னார். போனைப் பிடுங்கிக்கொண்டு கடிதம் மட்டும் விடுகிறார்களே, அதையும் வார்டன் படித்துவிட்டுத்தான் தருவாராமே? வார்டன் சார், வணக்கம். அடுத்த பத்தி சோகம், கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பயமுறுத்தலாம் என்று எவர்சில்வர் தட்டுகளை அடுக்கி, அவர் நாற்காலிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்தேன். அடுக்கு மொத்தமும் சரிந்தது. அம்மா காப்பித்தூள் டப்பாவைக் கீழே போட்டாள். எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். தெரு நாய் ஒன்று வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஓடியது. அப்பா மட்டும் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது அண்ணே.

கே.கே. நகர் டாக்டரிடம் காட்டினோம். தறிச் சத்தத்திலேயே இத்தனை வருஷம் நின்ற காது, ஏறக்குறைய போய்விட்டது என்றார். மெஷின் மாட்டினால் வீட்டில் கொஞ்சம் கேட்கும். தறி ஷெட்டில் மாட்டினால் இரைச்சலைத்தான் கூட்டிக் கொடுக்குமாம்.

பிரச்சினை ஷெட்டில்தான். அப்பா பார்ப்பது நாலு விசைத்தறி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். மற்றவர்கள் நாலு சத்தத்தில் ஒரு சத்தம் குறைவதைக் காதால் பிடித்து ஓடுவார்கள். அப்பாவுக்கு முதுகுக்குப் பின்னால் தறி நின்றது தெரியாது. ஷெட் முதலாளி பாதுஷா பாய் வந்தார். பேர்தான் பாதுஷா, அன்றைக்குப் பேச்சில் சர்க்கரை இல்லை. "தறி நின்னு நின்னு கெடக்குது துளசி. ஆயுத பூஜ வரைக்கும் பாப்போம். அப்புறம் தறிக்கு வேற ஆளு. நீ துண்டு மடிக்கிற எடத்துக்கு வந்துரு" என்று ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினார். அப்பா தலையை ஆட்டினார்.

துண்டை மடிக்கச் சொன்னால் அப்பாவே மடிந்துவிடுவார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? நீதான் நம் குடும்பத்தின் ஒயர்க்காரன்.

உன் பதிலுக்காக வாசலில் தபால்காரரை மிரட்டிக்கொண்டிருக்கும்,
காவ்யா

* * *

பேரையூர்
ஜூலை 4

அன்புள்ள வாலுக்கு,

நலம். சாப்பாடு மிக நன்றாக இருக்கிறது. உப்புமா பிரமாதம். சித்தப்பா, சித்தியைக் கேட்டதாகச் சொல்.

செய்யலாம். எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டியில் ஆர்டுயினோ என்ற என் குட்டிக் கணினி போர்டும், விளக்குகளை ஏற்றும் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் சிப்பும் இருக்கின்றன. அப்பா கண்ணில் படாமல் எடு. ஒவ்வொரு தறிக் கைப்பிடியிலும் ஒரு சின்ன சுவிட்சு வை. தறி நின்று கைப்பிடி விழுந்தால் போர்டுக்குத் தெரியும். சுவரில் உயரமாக நாலு விளக்கு. எது நின்றதோ அந்த எண் எரியும்.

போர்டிலிருந்து விளக்குப் பெட்டிக்கு ஐந்து ஒயர் போக வேண்டும். ஐந்து வோல்ட், கிரவுண்டு, டேட்டா, கிளாக், லாட்ச். டேட்டா ஒயர் 'நின்றது, ஓடுகிறது' என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். கிளாக் ஒயர் தாளம் போடும். தாளத்துக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு லாட்ச் 'இப்போது காட்டு' என்று சொல்லும். தாளத்தை மெதுவாக வை. மோட்டார் ஒயர் பக்கத்தில் கொண்டுபோகாதே, ஒரு கள்ளத் தாளம் புகுந்தாலும் போச்சு. கிளாக்கையும் கிரவுண்டையும் முறுக்கி விடு. புரோகிராம் பெட்டிக்குள் இருக்கும் பென் டிரைவில் இருக்கிறது.

இதிலாவது விளையாடாதே.

கோகுல்

(ஓரத்தில் சிவப்பு மையில்: உப்புமா பற்றிய கருத்து மாணவரின் சொந்தக் கருத்து. – முத்திருளன், வார்டன்)

* * *

செல்லூர்
ஜூலை 21

உப்புமாவைப் புகழும் அளவுக்கு உடைந்துபோன என் அண்ணனுக்கும், சிவப்பு மை சாருக்கும் வணக்கம். நாங்கள் சுகம். நீ எழுதிய 'நலம்' என்ற சொல் மட்டும் கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிந்தது.

கே.கே. நகரில் உன் வீட்டுக்குப் போனேன். "அண்ணனோட பழைய பயாலஜி நோட்டு வேணும் பெரியம்மா" என்றேன். பெரியம்மா கண்ணே கலங்கிவிட்டது, ஸ்டூலையும் அவரே பிடித்துக்கொண்டார். பெட்டியை மேலே இருந்து இறக்கினால் உள்ளே கரப்பான் பூச்சி குடும்பம். ஆகவே பயாலஜி என்றது முழுப்பொய் அல்ல.

வீட்டு மேசைமேல் குட்டி ஒயர்களை வைத்துக் கோத்துப் பார்த்தேன். ஒன்றாம் சுவிட்சை அமுக்கினால் ஒன்று, நாலை அமுக்கினால் நாலு. அம்மா மாவாட்டுவதை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். என்னை இத்தனை வருஷமாகத் தறிகெட்டவள் என்று திட்டிய வாய் அது. "இனிமே என்னைத் தறி கட்டுனவள்னு சொல்லணும்" என்றேன். மாவுக் கையாலேயே ஒன்று வைத்தாள், ஆனால் மெதுவாக.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் நீளமான ஒயர் வாங்கிவிட்டேன். கொஞ்சம் சிக்கனம் செய்திருக்கிறேன். அது தொழில் ரகசியம்.

நாளை ஷெட்டில் மாட்டப் போகிறேன். ஏணியை அப்பா பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஈயப் புகையில் இருமிக்கொண்டே,
காவ்யா

* * *

செல்லூர்
ஆகஸ்ட் 11

அண்ணே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வார்டன் சார், என் அண்ணனைப் பறிமுதல் செய்துவிட்டீர்களா? நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

விளக்குகளை மாட்டிவிட்டேன். எரிகின்றன. பிரச்சினை என்னவென்றால், அம்மா சாப்பாடு கொண்டுபோன நேரத்தில் பார்த்திருக்கிறாள். நின்றது இரண்டாம் தறி. எரிந்தது மூன்று. கொஞ்ச நேரம் கழித்து நாலாம் தறி நின்றது. எரிந்தது ஒன்று.

வீட்டுக்கு வந்தவள் நேராக என் காதைப் பிடித்தாள். "அப்பன் பொழப்புலயாடி வெளாடுற? ஒனக்கு எதுதான் வெளாட்டு இல்ல?"

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா!"

"தட்டு விழுந்தப்பயும் இதத்தாண்டி சொன்ன."

 அப்பாவிடம் போய் பேப்பரில் எழுதிக் கேட்டேன்: 'விளக்கு தப்பாகக் காட்டுகிறதா?' அவர் அதைப் படித்துவிட்டு, காது கேட்காதவர்களுக்கே உரிய அந்தப் பெரிய குரலில், "சூப்பரா இருக்குத்தா! அம்சமாக் காட்டுது!" என்றார். தெருவுக்கே கேட்டது.

அம்மா சொல்வது தப்பா, அப்பா சொல்வது தப்பா? நான் செய்தது தப்பா? சீக்கிரம் எழுது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்தேன், அதைக் குறும்பு என்கிறார்கள்.

காதுவலியுடன்,
காவ்யா

* * *

பேரையூர்
ஆகஸ்ட் 26

அன்புள்ள காவ்யா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கே கொஞ்சம் வேலை இருந்தது. இப்போது நலம். சித்தி உன் காதை விட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அறிகுறி விசித்திரமாக இருக்கிறது. கள்ளத் தாளம் புகுந்தால் விளக்குகள் கண்டபடி எரியும். உனக்கோ ஒழுங்காக, எப்போதும் ஒன்று தள்ளித் தப்பாகிறது. ஒழுங்கான தப்புக்கு ஒழுங்கான காரணம் இருக்கும்.

மேசைமேல் சரியாக ஓடியது, ஷெட்டில் ஓடவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாறியது என்ன? நீ வாங்கிய அந்த ஒயர்தான். அது என்ன சிக்கனம்? தொழில் ரகசியத்தை வெளியே விடு.

கோகுல்

* * *

செல்லூர்
செப்டம்பர் 8

அண்ணே, சாஷ்டாங்க நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம், என் மானம் தவிர.

கடையில் உள்ளே நாலு கம்பி ஓடும் நாலு கோர் ஒயர்தான் இருந்தது. நீ சொன்னது ஐந்து. கிளாக்கும் தட்டுகிற வேலை, லாட்ச்சும் தட்டுகிற வேலை, இரண்டு தட்டுக்கு ஒரு கை போதாதா என்று விளக்குப் பெட்டியில் சிப்பின் இரண்டு காலையும் ஒன்றாகக் கட்டிவிட்டேன். எரிந்தது, அதனால் சரி என்று நினைத்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை நானே ஷெட்டுக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தேன். இரண்டாம் தறி நின்றது. மூன்று எரிந்தது. அப்பா நேராக இரண்டுக்குப் போய் நூலை முடிந்துவிட்டு வந்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அப்படியென்றால் அவர் விளக்கைப் பார்ப்பதே இல்லை. தரை அதிர்வதை வைத்தோ எப்படியோ அவராகவே கண்டுபிடிக்கிறார். 'சூப்பர்' என்றது என் மனம் நோகக் கூடாது என்பதற்காக. தறிகள் முன்னைப்போல நிற்பதில்லை என்று பாய்கூடச் சொன்னாராம். அதில் என் விளக்குக்கு ஒரு பங்கும் இல்லை. கோயில் வாசலில் சீரியல் செட் தொங்குகிற மாதிரி அது சும்மா அழகுக்குத் தொங்குகிறது.

ஆயுத பூஜை முடிந்து மறுநாள் தறி தொடங்கும்போது பாய் நின்று பார்க்கப் போகிறாராம். அப்பாவின் ஊகம் அன்றைக்கு ஒரு தடவை தவறினால் துண்டு மடிக்க வேண்டியதுதான். அதற்குள் விளக்கையாவது சரிசெய்துவிட வேண்டும். எப்படி என்று சொல்.

அடக்க ஒடுக்கமாக (நிஜமாக),
காவ்யா

* * *

பேரையூர்
செப்டம்பர் 20

அன்புள்ள காவ்யா,

நலம், நலமே நாடுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டடி ஹாலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெஞ்சுமேல் நிற்க வைத்தார்கள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன் என்பதால் பாதகமில்லை.

நாலு பேரை வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பதாக நினைத்துக்கொள். கிளாக் ஒரு தட்டுத் தட்டினால் ஒருவர் உள்ளே வருவார், ஏற்கெனவே நிற்பவர்கள் ஓர் இடம் நகர்வார்கள். நாலு தட்டு முடிந்து எல்லோரும் அவரவர் இடத்தில் நின்ற பிறகு, லாட்ச் போட்டோ எடுக்க வேண்டும். நீ கேமராவையும் தாளத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டாய். தட்டுக்கு ஒரு போட்டோ. அதுவும் புது ஆள் உள்ளே கால் வைப்பதற்கு முந்தின கணத்தில். ஆகவே கடைசியாக வந்தவர் போட்டோவிலேயே இல்லை. மற்றவர்கள் ஓர் இடம் பிந்தி நிற்கிறார்கள். போன தடவை கடைசியாக வந்தவர் இன்னும் ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இரண்டு நின்றால் மூன்று, நாலு நின்றால் ஒன்று.

இரண்டையும் பிரித்துவிடு. லாட்ச்சுக்கு ஐந்தாவதாகத் தனி ஒயர் இழு. புரோகிராமில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்.

சித்தப்பா விளக்கைப் பார்ப்பதில்லை என்கிறாயே, அது எனக்கு இடிக்கிறது. ஆனால் நான் ஒயர்க்காரன் மட்டும்தான்.

கோகுல்

* * *

செல்லூர்
அக்டோபர் 13

என் அருமை அண்ணனுக்கு ஆயிரம் கும்பிடு. நீ நலமா என்று கேட்பதற்குக்கூடப் பொறுமை இல்லை, நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். வார்டன் சார், நீங்களும் உட்கார்ந்து படியுங்கள்.

ஆயுத பூஜை அன்று தறிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க எல்லோரும் மும்முரமாக இருந்தபோது, நான் ஏணி போட்டு ஐந்தாவது ஒயரை இழுத்துவிட்டேன். சுவிட்சுகளைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். இரண்டுக்கு இரண்டு, நாலுக்கு நாலு. அப்பாவிடம் சொல்லவில்லை. 'சூப்பர்' என்று சொன்ன மனிதரிடம் 'இத்தனை நாளும் தப்பாக இருந்தது' என்று எப்படிச் சொல்வது? எப்படியும் அவர் பார்க்கப்போவதில்லை, சரியாக எரிந்தால் போதும் என்று இருந்தேன்.

மறுநாள் காலை பாய் வந்தார். நாலு தறியும் ஓடின. அம்மாவும் நானும் வாசலருகே நின்றோம். பாய் சத்தமில்லாமல் போய், இந்த ஷெட்டில் சத்தமில்லாமல் என்று எழுதுவதே வேடிக்கைதான், மூன்றாம் தறியின் நூலைக் கிள்ளிவிட்டார். தறி நின்றது. விளக்கு மூன்று எரிந்தது. எனக்குள் கெட்டிமேளம் கொட்டியது.

அப்பா தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார் அண்ணே. பார்த்துவிட்டு விறுவிறுவென்று இரண்டாம் தறிக்குப் போனார்.

இரண்டாம் தறி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதன் முன்னால் திருதிருவென்று நின்றார். பாயின் முகம் விழுந்தது. அம்மா என் பக்கம் திரும்பினாள். பாய் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "என்னம்மா இது, இன்னைக்குமா வெளாட்டு?"

"சத்தியமா இல்ல பாய்..." என்று ஆரம்பித்தேன்.  எதற்கும் அழாத நான், அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். ஒருத்தராவது நம்ப வேண்டுமே என்றுதான்.

அப்பா விளக்கைப் பார்த்தார். இரண்டாம் தறியைப் பார்த்தார். மூன்றைப் பார்த்தார். மறுபடி விளக்கு. அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட. நின்றுபோன ஷெட்டில் அந்தக் குரல் எப்படி அதிர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

"சரி பண்ணிட்டியாத்தா? ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

பாய் குழம்பிப்போய்ப் பேப்பரில் 'என்ன?' என்று எழுதிக் காட்டினார்.

"இம்புட்டு நாளா ஒண்ணு தள்ளித்தான் பாய் காட்டுச்சு. மூணு எரிஞ்சா ரெண்டு. நாலு எரிஞ்சா மூணு. ஒண்ணு எரிஞ்சா நாலு. மாட்டுன அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். வாயசைவு தெரிய நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "அப்ப ஏன் நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"தப்புன்னு சொன்னா நீ புள்ளயத்தான அடிப்ப?"

 பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அம்மாவிடம், "தப்பாக் காட்டுற வெளக்க வெச்சே ஒரு தறி நிக்காம ஓட்டிருக்காரும்மா. இவரையா நான் துண்டு மடிக்கச் சொன்னேன்?" என்றார். என் தலையில் கை வைத்து, "அழாத தாயி. அந்தப் பக்கத்து நாலு தறிக்கும் இதே மாதிரி மாட்டிக் குடு" என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அல்வா கொடுத்தார். நிஜ அல்வா அண்ணே, நெய் கையில் ஒட்டியது.

அப்பா விளக்கைப் பார்க்கவே இல்லை என்று உனக்கு எழுதினேனே, அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

நீ இல்லாவிட்டால் இது எதுவும் இல்லை. நன்றி என்று எழுதினால் நீ கிண்டல் செய்வாய், ஆனாலும் நன்றி.

காவ்யா

* * *

பேரையூர்
அக்டோபர் 24

அன்புள்ள காவ்யா,

நன்றியை நீ எனக்குச் சொல்வதில் ஒரு சின்ன வயரிங் தப்பு இருக்கிறது.

ஆகஸ்டில் 'கொஞ்சம் வேலை இருந்தது' என்று எழுதினேன். வேலை என்னவென்றால், பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். டாக்டராக எனக்கு வராது என்று அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை, இங்கே இருக்கவும் முடியவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் எங்காவது போய்விடுவது என்று இருந்தேன். எங்கே என்றுகூட யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் உன் கடிதம் வந்தது. அம்மா சொல்வது தப்பா, அப்பா சொல்வது தப்பா என்று. அதற்கு விடை தெரியாமல் பஸ் ஏற மனம் வரவில்லை. எப்போதும் ஒன்று தள்ளி ஏன் எரிகிறது என்று யோசித்துக்கொண்டே பெட்டியை அவிழ்த்தேன்.

போன வாரம் அப்பா பார்க்க வந்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன். சித்தப்பாவின் தறிக்கதையையும் சொன்னேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது, "பரண்ல இருந்த பெட்டிய அவளே வெச்சுக்கிட்டாளா, திருப்பித் தருவாளா?" என்று கேட்டார். பரீட்சை எழுதுவேன். அப்புறம் என்ஜினீயரிங் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்.

பெட்டியைத் திருப்பிக் கொடு. கரப்பான் பூச்சிகளை நீயே வைத்துக்கொள்.

கோகுல்

(ஓரத்தில் சிவப்பு மையில்: படித்தேன். பெட்டியை அவிழ்த்ததற்கு நன்றி, தம்பி. உப்புமா பற்றி இனி உண்மையை எழுதலாம். – முத்திருளன்)

* * *

செல்லூர்
நவம்பர் 4

சிரஞ்சீவி கோகுல்நாத்துக்குச் சித்தப்பா துளசிராம் ஆசீர்வாதம். இங்கு அனைவரும் சுகம். தீபாவளிக்கு நீ வந்துபோனது வீட்டுக்கே விளக்கு வைத்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் உன்னிடம் தனியாகப் பேச முடியவில்லை. பேசினால் ஊருக்கே கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

தப்பு என்று தெரிந்ததும் ஏன் சொல்லவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். காவ்யா அடிவாங்குவாள் என்பது ஒரு காரணம்தான். இன்னொன்று உனக்கு மட்டும்.

அவள் விளக்கை மாட்டிய அன்று நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் மேலே நின்று ஏதோ பாடிக்கொண்டே ஒயரைச் சுற்றினாள். எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவதைத்தான் பார்த்தேன். காது போன பிறகு என்னிடம் எல்லோரும் முகத்தைச் சுளித்துக் கத்தினார்கள். இந்தக் குழந்தை ஒருத்திதான் கத்தாமல் வேறு வழி தேடினாள். அந்த விளக்கு எப்படி எரிந்தாலும் நான் படித்துக்கொள்வேன் என்று அன்றைக்கே தோன்றியது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த உனக்கு என் நன்றி.

இப்போது விளக்கு சரியாகத்தான் காட்டுகிறது. பழகிய கால் கேட்க மாட்டேன் என்கிறது. மூன்று எரிந்தால் இரண்டைப் பார்த்துத்தான் கிளம்புகிறேன். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்புகிறேன். அந்தப் பாதி வழியில் தினமும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பக்கத்துத் தறிக்காரர்கள் என்ன என்று கேட்கிறார்கள்.

காது கேட்காதவன்தானே, பதில் சொல்லாமல் போய்விடுகிறேன்.

உன் சித்தப்பா,
துளசிராம்